அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம்

சேலத்தில் வீடு, மனை வாங்கி விற்றுத் தரும் தரகுத் தொழிலுக்கு நான் வந்தது 2014 ஆம் ஆண்டில். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்த விவசாயிகள் சிலர் தங்கள் நிலத்துக்கு ஆள் தேடியபோது இரண்டு பேரைச் சேர்த்து வைத்தேன். கையில் வந்த கமிஷன் என் நான்கு மாதச் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தது. அதைப் பார்த்தே வேலையை விட்டேன். இந்தத் தொழிலில் என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை. கூட இருந்த தரகர்கள் ஆள் பிடிக்கவும் விலை பேசவும் கற்றுத் தந்தார்கள். மற்றதை ஒரு குடும்பத்தின் கண்ணீரிலும் என் வீட்டு நகையிலும் கற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தவறு அங்கிருந்துதான் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகப் போயின. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்று என் கையில் இருந்த ஏழு வியாபாரங்களில் ஆறு அப்படிப்பட்ட மனைகள். அடுத்து நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 மே மாதம் அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வரும் வரை ஏறக்குறைய எட்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த வருமானம் இரண்டு வாடகை வீடுகளுக்கான கமிஷன் மட்டுமே. மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. நீதிமன்றத் தடை எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் ஆடியும் மார்கழியும் ஆண்டுதோறும் வருகின்றன. அந்த மாதங்களில் அட்வான்ஸ் கொடுக்கவே பலர் தயங்குவார்கள். ஆகவே ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு வைக்காமல் இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வராதீர்கள். அடுப்பு எரியாத பயம் இருக்கிறவனால் ‘கொஞ்சம் பொறுங்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று வாங்க வந்தவரிடம் சொல்ல முடிவதில்லை. என்னால் முடியவில்லை.

2018 வைகாசியில் அம்மாப்பேட்டைப் பகுதியில் 1,200 சதுர அடி மனையில் இருந்த ஒரு பழைய ஓட்டு வீடு விற்பனைக்கு வந்தது. விற்றவர்கள் அண்ணன், தம்பி இருவர். அவர்களுடைய தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் 2011 இல் உயில் எதுவும் எழுதாமல் காலமாகியிருந்தார், தாயார் அதற்கும் முன்பே இறந்துவிட்டார். பட்டா சகோதரர்கள் இருவர் பெயருக்கும் மாறியிருந்தது. வாங்க வந்தவர் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்ற வைக்கும் தொழிலாளி. கணவனும் மனைவியும் இருபது ஆண்டுகள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம், கொஞ்சம் நகை, மைத்துனரிடம் கைமாற்று என்று திரட்டி 18 லட்சம் ரூபாயோடு வந்திருந்தார்கள். வங்கிக் கடன் இல்லை என்பதை அப்போது நான் ஒரு வசதியாக நினைத்தேன், ஏனென்றால் வேலை சீக்கிரம் முடியும். வங்கிக் கடன் என்றால் வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வரை ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார். கடன் இல்லாத ஏழைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டைக் காட்டப் போன அன்று முன்னறைச் சுவரில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு பெண், பக்கத்தில் மாப்பிள்ளை, இருபுறமும் இந்தச் சகோதரர்கள். வாங்க வந்தவரின் மனைவி அதை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அண்ணா, அந்தப் பொண்ணு யாருங்க? இந்த வீட்டுப் பொண்ணுங்களா?” நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது: “கட்டிக் குடுத்துட்டாங்கம்மா, அதனால ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க.” சகோதரர்களும் சீர், நகை எல்லாம் அப்போதே செய்தாகிவிட்டது, அக்காவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்றார்கள். வாரிசுச் சான்றிதழ் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். எங்கோ வைத்துவிட்டோம், பட்டாதான் எங்கள் பெயரில் இருக்கிறதே என்றார்கள். வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். அடமானம் இல்லை, விற்பனை ஒப்பந்தம் இல்லை. வழக்கறிஞரிடம் காட்டலாமா என்று வாங்கியவர் கேட்டபோது, 5,000 ரூபாய் வீண் செலவு, பத்து நாள் தாமதமும் ஆகும் என்று நானே தடுத்தேன். அந்த மாதம் என் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அது காரணம்தானே தவிர நியாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் சொந்த வீட்டிலும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். எங்கள் அப்பாவின் மனையை என் பெயருக்கு மாற்றியபோது அவள் தன் பங்கை விட்டுக் கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை அவளிடம் நீட்டினோம், அவள் கையெழுத்துப் போட்டாள். விருப்பமா என்று நான் கேட்கவில்லை. அக்கா, தங்கைகள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அல்லது பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பது எனக்கு இயல்பாகப் பழகிப் போயிருந்தது. அதனால்தான் அந்தப் படம் கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை.

பத்திரம் பதிவானது. அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11 சதவீதம். வாங்கியவர் அதற்கே 1,98,000 ரூபாய் கட்டினார். எனக்கு இரு தரப்பிலும் இரண்டு சதவீதம், ஆளுக்கு 36,000 ரூபாய் வந்தது. நவம்பர் மாதம் ஒரு காலையில் அந்தக் கொலுசுத் தொழிலாளி ஒரு பதிவுத் தபாலைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் நின்றார். அக்காவின் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு. தந்தையின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு உரியது, அதை விற்கச் சகோதரர்களுக்கு உரிமை இல்லை என்று இருந்தது. சில வாரங்களில் பாகப் பிரிவினை வழக்கும் தாக்கலானது, வாங்கியவரும் அதில் ஒரு பிரதிவாதி. அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினோம்” என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி வாசல்படிக்கு வெளியே தலை குனிந்து நின்றார், உள்ளே வரவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989 முதலும் நாடு முழுவதற்கும் 2005 முதலும் மகளைப் பங்குதாரர் ஆக்கியிருக்கிறார்கள். சீர் செய்ததோ நகை போட்டதோ பங்கைக் கழிக்காது. அவள் விட்டுக் கொடுப்பதாக இருந்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு, அது ஒன்று மட்டுமே உரிமை மூலம் ஆகாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத ஒரு மகள் அதில் வரமாட்டாள். அவள் இருப்பதை அக்கம் பக்கத்தில் கேட்டால்தான் தெரியும், அல்லது சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தால் தெரியும்.

நான்கு மாதங்கள் வழக்கறிஞர்கள் மூலமே பேசினோம், ஒன்றும் நகரவில்லை. எனக்குத் தூக்கம் போனது. அறிந்தவர்கள் எதிரே வந்தால் வேறு தெருவுக்குத் திரும்பினேன். கடைசியில் இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் சொல்லிவிட்டு, ஆத்தூருக்குப் பக்கத்தில் அந்த அக்கா வாழ்ந்த ஊருக்குத் தனியாகப் பேருந்தில் போனேன். விரட்டிவிடுவார் என்று நினைத்தேன்; திண்ணையில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: “அப்பா வீட்டை விக்கறாங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலீங்க. பழைய ஓடு பிரிக்கிறாங்கன்னு அந்தத் தெருக்காரங்க போன் பண்ணித்தான் தெரியும். வந்து கேட்டிருந்தா அப்பாவோட கைக்கடிகாரத்தை வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.” அதைக் கேட்ட பிறகு நான் பேச வைத்திருந்த எதையும் பேச முடியவில்லை. தவறு என்னுடையது, உங்களை வந்து பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு நான்கு முறை போனேன். தம்பியையும் ஒருமுறை அழைத்துக் கொண்டு போனேன், அவர் அக்காவின் முன் அழுதார்.

முடிவில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. 6 லட்சம் கேட்டவர் நாலரை லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு தம் பங்கை வாங்கியவர் பெயருக்குக் கிரையம் எழுதித் தந்தார். சகோதரர்கள் 3 லட்சம் கொடுத்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை நான் போட்டேன். அந்தப் பத்திரத்துக்கான 11 சதவீதம் 49,500 ரூபாய், வழக்கறிஞருக்கும் எழுத்தருக்கும் 22,000 ரூபாய், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுத்த கமிஷன் 36,000 ரூபாய். ஆக என் கையிலிருந்து போனது 2,57,500 ரூபாய். முதல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து பதினான்கு மாதங்கள் ஆயின. சட்டப்படி நீ கொடுக்க வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னவன் நான். அதே ஊரில் இருந்துகொண்டு, அதே செவ்வாய்ப்பேட்டைக் கடை வீதியில் அவர்கள் எதிரே வரும்போது நான் முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

இதற்குப் பிறகு என் வேலை முறை மாறியது. எந்த வீட்டுக்கு விலை பேசப் போனாலும் முதலில் அந்த வீட்டின் மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து குடும்பத்தைக் கேட்டு எழுதுகிறேன். யார் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று பாட்டிமார்கள் ஒரு பேரைக்கூட விடாமல் சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டியலை வாரிசுச் சான்றிதழோடு வைத்துப் பார்ப்பேன். ஒரு பெயர் குறைந்தாலும் அட்வான்ஸ் பேச மாட்டேன். மகள்களை நேரில் பார்க்கிறேன், முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுகிறேன். வாங்குகிறவர் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவரே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்கச் சொல்கிறேன். நான் ஒருவரைக் காட்டினால் அந்த வழக்கறிஞர் என் ஆள் ஆகிவிடுவார் என்பதால் பெயர் சொல்வதில்லை. பட்டா, சிட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் எல்லாம் இன்று இணையத்திலேயே பார்க்க முடிகிறது. அவற்றில் புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்), நிபந்தனை ஒப்படை (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்) என்று ஒரு சொல் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். பிறகு புலப்படத்தின் அளவை நாடா பிடித்துத் தரையில் ஒத்துப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் இருபதடிப் பாதை என்று எழுதியிருக்கும், தரையில் பன்னிரண்டு அடி இருக்கும். அந்த எட்டடிக்காகப் பத்து ஆண்டுகள் பேசாமல் இருக்கும் பங்காளிகளை எனக்குத் தெரியும்.

பணம் என் கை வழியாகப் போவதே இல்லை. அட்வான்ஸ் வாங்குகிறவர் கணக்கிலிருந்து விற்கிறவர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்திலும் தடை உண்டு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே நீ வைத்துக் கொள்’ என்று விற்கிறவர் சொல்லும் நெட் விலை வியாபாரத்தை விட்டுவிட்டேன். அதில் சில சமயம் இரண்டு சதவீதத்தைப் போல ஐந்து மடங்கு கிடைக்கும். ஆனால் பத்திரப் பதிவு அன்று இரு தரப்பும் வெளியே மரத்தடியில் நின்று பேசிக் கொள்வார்கள், யார் எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவு வாங்கினார் என்பது ஐந்து நிமிடத்தில் வெளிவந்துவிடும். இப்போது என் கூலி எவ்வளவு, எப்போது தர வேண்டும், வியாபாரம் முறிந்தால் என்ன என்பதை அரைப் பக்கத்தில் எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குகிறேன். புதிய மனைப் பிரிவுகளை விற்க நினைப்பவர்கள் 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் முகவராகப் பதிவு செய்து கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின்படி பதிவான திட்டங்களில் பதிவில்லாத முகவர் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

ஏற்காட்டு மலை வியாபாரம் தனிக் கதை. கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி மேலே வந்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காப்பிச் செடிகளைப் பார்த்ததும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அன்று மாலையே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிடுவார்கள். அந்த மாலையில் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்பது நான் புதியவர்களுக்குச் சொல்வது. மலையில் வீடு கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. மரம் வெட்ட 1955 ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும், தனியார் காடு என்று வகைப்பட்டிருந்தால் 1949 ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வரும். எஸ்டேட்டைப் பிரிக்காமல் ‘பிரிபடாத பங்கு’ என்று பத்துச் சென்ட், இருபது சென்ட் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்குத் தன் இருபது சென்ட் எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு கல்கூட இருக்காது. 2022 இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இதையெல்லாம் சொல்லி, பங்குனி, சித்திரையில் ஒருமுறை வந்து கிணற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். கோடையில் வந்தார், கிணற்றில் தண்ணீர் இல்லை, வாங்கவில்லை. எனக்கு இரண்டு நாள் அலைச்சலும் பெட்ரோல் செலவும்தான் மிச்சம். ஆனால் அவர் அடுத்த ஆண்டு கன்னங்குறிச்சியில் கீழேயே ஒரு வீடு வாங்கினார், என்னிடம்தான் வாங்கினார், அவர் தங்கையும் வாங்கினார். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை அறிவிப்பு வந்த 2018 இல் அயோத்தியாப்பட்டணம் பக்கம் நிலங்களைச் சாலை வரப்போகிறது என்று சொல்லியே விற்றவர்கள் பலர். விவசாயிகள் தங்கள் நிலத்துக்காகத் தெருவில் நின்று அழுத நேரத்தில் அந்தப் பேச்சைச் சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்றில் மட்டும் முன்பிருந்தே சரியாக இருந்தேன்.

பத்திரம் பதிவாகிக் கமிஷன் கைக்கு வந்த அன்று வேலை முடிந்ததாகவும் இப்போது நான் நினைப்பதில்லை. உட்பிரிவு தேவையானால் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அலைய வேண்டும். கொலுசுக்குப் பற்ற வைக்கும் ஒருவர் ஒரு நாள் அலுவலகத்துக்கு நடந்தால் அன்றைய கூலி போய்விடும். நான் எப்படியும் அந்த அலுவலகங்களுக்குப் போகிறவன், அவருடைய காகிதத்தையும் எடுத்துக் கொண்டு போவதில் எனக்கு என்ன குறை? இன்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு எட்டுப் பேர் முன்பு வாங்கியவர்கள் சொல்லி அனுப்பியவர்கள். சிவதாபுரத்துக் கொலுசுத் தொழிலாளி யாரையும் அனுப்பியதில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆத்தூர் அக்கா மட்டும் தம் நாத்தனாரின் நிலத்தை விற்க என்னை அழைத்தார்.

சென்ற மாதம் கோரிமேட்டுப் பகுதியில் ஒரு வீடு வந்தது. நல்ல வீடு, விலையும் ஒத்து வந்தது. பாட்டி பிள்ளைகளை எண்ணிச் சொல்லும்போது, விபத்தில் இறந்த நடு மகனின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் பிள்ளை எங்கே என்று கேட்டேன். தாயோடு திருப்பூரில் இருக்கிறான், பதினேழு வயது, வந்து போவதில்லை என்றார். வயது நிரம்பாதவர் பங்கைத் தாய் விற்பதானாலும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அவன் பெரியவன் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். வாங்க வந்தவரிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார், வேறு வீடு பார்த்தாலும் பார்ப்பார். பையனுக்குப் பதினெட்டு முடிவது தை மாதம் பன்னிரண்டாம் தேதி. அதற்கு முன் ஒருமுறை திருப்பூருக்குப் போய் அவனையும் அவன் தாயையும் பார்த்து, பாட்டி அவர்களை விசாரித்தார் என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறேன்.